சிந்தோகு கருவிகளோடு குடித்தனம்

ஒரு பொருளை வாங்கிய மறுநாளே மதிப்புரை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அட்டைப்பெட்டி வாசம் போகும்வரை எல்லாமே நல்ல பொருள்தான். இங்கே சொல்லப்போகும் கருவிகள் தோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் எல்லாப் பருவங்களையும் பார்த்துப் பழசானவை. எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். விலைக்கு வந்துவிட்டால் அது சிந்தோகு ஆகாது.

கேள்விப்படாதவர்களுக்காக: கென்ஜி கவகாமி, 1946-ல் ஜப்பானின் நாராவில் பிறந்தவர். தபாலில் பொருள் விற்கும் பத்திரிகை ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, மிச்சம் விழுந்த பக்கங்களில் யாராலும் ஆர்டர் செய்ய முடியாத பொருட்களைப் படம் போட்டுக் காட்டினார். அப்படிப் பிறந்ததுதான் சிந்தோகு. அன்றாடத் தொல்லை ஒன்றைத் தீர்க்க வேண்டும். தீர்க்கிற வேகத்தில் இன்னொரு தொல்லையைக் கூட்டிவர வேண்டும். இதற்குப் பத்து விதிகள் உண்டு. பொருளை நிஜமாகச் செய்து காட்ட வேண்டும், ஆனால் நிஜமாகப் பயன்படக் கூடாது. விற்கக் கூடாது. காப்புரிமை வாங்கக் கூடாது. ஆகவே நூறு யென் கடையில் சாமான் வாங்கி எல்லாவற்றையும் நானே செய்துகொண்டேன். மதிப்பெண்ணும் தலைகீழ்தான். உருப்படியாக வேலை செய்தால் குறைப்பேன்.

முதலில் டாய்லெட் பேப்பர் தொப்பி. பிப்ரவரி பிறந்தால் தோக்கியோவில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். போருக்குப் பிறகு மரத்தேவைக்காக மலை மலையாக நட்டுவைத்த சுகி என்னும் ஊசியிலை மரங்களின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை அது. கைக்குட்டையெல்லாம் பத்தாது. தலையில் ஒரு சட்டம், அதில் முழு ரோல், நெற்றிக்கு முன்னால் தொங்கும் நுனி. தும்மல் வந்ததும் இழுக்க வேண்டியது, சிந்த வேண்டியது, கிழிக்க வேண்டியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அற்புதமாக வேலை செய்கிறது. குனிந்தால் ரோல் உருண்டோடி வரவேற்பறை வரை வெள்ளைக் கம்பளம் விரிப்பதும், ஜப்பானிய வீட்டின் தாழ்ந்த நிலைப்படியில் இடிப்பதும்தான் குறை. மறந்துபோய் அதோடு வீடியோ அழைப்பை எடுத்துவிட்டேன். திருநெல்வேலியிலிருந்து அம்மா, "ஏல, தலைல என்னல அது? ஆஸ்பத்திரில கட்டு போட்டாங்களா?" என்று பதறிவிட்டாள். விளக்கிச் சொன்னதும் பதற்றம் கூடிற்று. "வேப்பிலையப் போட்டு ஆவி பிடில, போதும்" என்றாள். வேப்பிலைக்கு நான் இங்கே எங்கே போக? பத்துக்கு ஏழு.

அதே மகரந்தம் கண்ணையும் விடாது. சொட்டு மருந்து விடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும், மருந்து கன்னத்தில் வழியும். கவகாமியின் ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்று இதற்கானது: மூக்குக்கண்ணாடியில் கண்ணாடிக்குப் பதில் இரண்டு புனல். அண்ணாந்து பார்த்து மருந்தை விட்டால் நேராகக் கண்ணுக்குள் இறங்குகிறது. நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான், அதனாலேயே மூன்று மதிப்பெண் கொடுக்க நினைத்தேன். பிறகு என் மனைவி, "கண்ணுக்குள்ள போற மருந்து, தூசி படிஞ்ச புனல் வழியாவா போகணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இப்போது ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவி, உலர்த்தி, பிறகுதான் மருந்து. ஒரு சொட்டு விழுவதற்கு அரைமணி நேர ஏற்பாடு. ஆறாக உயர்த்திவிட்டேன்.

ரயிலில் உறங்குவதற்கான தலைக்கவசம் தனிக்கதை. கட்டிட வேலையில் போடும் கவசத்தின் பின்புறம் கழிப்பறை அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம். அதை ஜன்னலில் அப்பிவிட்டால் தூக்கத்தில் தலை பக்கத்து ஆளின் தோளில் சாயாது. நெற்றியில் 'இந்த நிலையத்தில் எழுப்பவும்' என்று ஓர் அட்டை. ஆனால் நான் போவது தோசாய் சுரங்க ரயில் பாதை. கிபா, மொன்சென் நகாச்சோ நிலையங்களுக்கு நடுவே காலை நெரிசல் 2019-ல் 199 சதவீதம். 200 சதவீதம் என்றால் உடம்போடு உடம்பு நெருக்கும், ஆனாலும் வாரப் பத்திரிகையை எப்படியாவது படித்துவிடலாம் என்று விளக்கம் வைத்திருந்தார்கள். அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தவர் யாரோ! அந்தக் கூட்டத்தில் ஜன்னல் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் எதற்கு? நின்றபடியே தூங்கலாம், விழ இடமே இல்லை. 2020-ல் கொரோனாவால் நெரிசல் 123 ஆகக் குறைந்தபோது ஜன்னல் கிடைத்தது. பிறர் தொட்ட இடத்தில் தலையை ஒட்டவைக்கத் தைரியம் வரவில்லை. தேவைப்படும்போது இடமில்லை, இடம் கிடைத்தபோது பயம். ஒன்பது.

வெண்ணெய்க் குச்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பசைக் குச்சி போலத் திருகினால் மேலே வரும் வெண்ணெய். குளிர்காலத்தில் ரொட்டிக்குச் சரி. சூடான தோசையில் வைத்தால் மொத்தமும் உருகி, திருகும் பாகம் வழியாக முழங்கை வரை வருகிறது.

பட்டியலிலிருந்து நீக்கிய ஒன்றும் உண்டு: குச்சி முனையில் கேமரா. நம்மை நாமே படமெடுக்கக் கம்பை நீட்டும் ஏற்பாட்டை 1995-ல் உதவாக்கரைக் கண்டுபிடிப்புகளின் வரிசையில் அச்சிட்டுச் சிரித்தார்கள். இன்று மெரினா முதல் அசகுசா கோயில் வாசல் வரை செல்ஃபி ஸ்டிக் இல்லாத இடமில்லை. என் அளவுகோலில் பூஜ்யம். மனிதர்கள் எதையும் பயன்படுத்தத் துணிந்துவிடுவார்கள் என்று கவகாமி எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பத்துக்குப் பத்து வாங்கியது சூரிய சக்தி டார்ச். பேட்டரி கிடையாது, வெயில் பட்டால் எரியும், நிழலுக்கு வந்தால் அணையும். இத்தனை காலத்தில் ஒருமுறைகூடப் பழுதானதில்லை, செலவும் வைக்கவில்லை. சென்ற புயலின்போது மின்சாரம் போய், மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டி டார்ச் இரவல் கேட்டார். இருப்பது இது ஒன்றுதான் என்று கொடுத்தேன். மறுநாள் மதியம் திருப்பிக் கொடுக்கும்போது, நன்றாக எரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.