மண்ணுக்கு வளர்ப்புத் தட்டு, நீருக்கு பி.சி.ஆர்.

கோலாலம்பூரை ஒட்டிய செலாயாங்குக்கு அப்பால் ஆடு வளர்க்கும் என் சித்தப்பா ஒரு சனிக்கிழமை காலை ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். திறந்தால் மீன் இல்லை, பொட்டலம் பொட்டலமாக மண். ‘கொட்டகை வாசல்’, ‘தண்ணீர்த் தொட்டி’, ‘செம்பனை ஓரம்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தார். அவருடைய இரண்டு ஆடுகள் நுரையீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளோடு செத்திருந்தன. கால்நடை மருத்துவர் எடுத்த சீழில், மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து ஆட்டுக்கும் மனிதனுக்கும் தொற்றும் மெலியாய்டோசிஸ் நோயின் கிருமி உறுதியாகியிருந்தது. நிலத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அங்கே வேலி போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

“ஆய்வகத்தில்தானே வேலை பார்க்கிறாய், பார்த்துச் சொல்லப்பா” என்றார். “மண்ணைத் திருப்பி எடுத்துப் போங்கள் சித்தப்பா” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஐஸ்தான் காரணம். இந்தக் கிருமிக்கு வெயிலும் ஆகாது, கடுங்குளிரும் ஆகாது. மாதிரி அறை வெப்பத்தில், நிழலில் வந்து சேர வேண்டும். குளிரில் கிடந்த மண்ணில் கிருமி இருந்தாலும் தட்டில் முளைக்காமல் போகலாம். தவறு என்னுடையது, தொலைபேசியில் “மண் எடுத்து வாருங்கள்” என்றவன் இதைச் சொல்லவில்லை.

கோலாலம்பூருக்கு இது பழைய உறவு. 1912இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் இந்நோயை முதலில் விவரித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே இங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விலங்குக் கூடத்தில் கினிப் பன்றிகளிடையே அது பரவியது. ஸ்டான்டன், பிளெட்சர் இருவரும் 1921இல் இட்ட பெயர்தான் மெலியாய்டோசிஸ்.

மண்ணில் இதைத் தேட இரண்டு வழிகள். ஒன்று, கிருமியை வளர்த்துப் பார்ப்பது. மற்றது, கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும், கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன பி.சி.ஆர்.

வளர்ப்பு முறை பொறுமையைக் கேட்கும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 10 கிராம் மண் எடுத்து, கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த திரவத்தில் போட்டு, 40 டிகிரியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். கொலிஸ்டின் பல கிருமிகளை அடக்கும், இது அசராது. பிறகு இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் என்ற வளர்ப்புத் தட்டில் தடவுகிறோம். இரண்டாம் நாள் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள், எதையும் சொல்ல முடியாது. நான்காம் நாளுக்கு மேல்தான் அவை ஊதா நிறமேறி, உலர்ந்து, காய்ந்த நாவற்பழத் தோல்போலச் சுருங்கும். பழகிய கண் தட்டைச் சாய்த்துப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும். பழகாத கண் ‘ஏதோ மண் கிருமி’ என்று தூக்கிப் போட்டுவிடும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. மூச்சு வழியாகவும் தொற்றும் கிருமி இது. பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே தட்டைத் திறக்க நான் யாரையும் விடுவதில்லை.

இதில் ஒரு பொறியும் உண்டு. ஆஷ்டவுன் தட்டில் ஜென்டமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்து இருக்கிறது, இந்தக் கிருமி அதைத் தாங்கும் என்ற நம்பிக்கையில். ஆனால் கிழக்கு மலேசியாவின் சரவாக்கில் ஜென்டமைசினுக்கு மடியும் வகை பரவலாக இருப்பது தெரியவந்திருக்கிறது. அங்கே இந்தத் தட்டை மட்டும் நம்பினால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

பி.சி.ஆர். ஒரே நாளில் முடிந்துவிடும். தீங்கற்ற உறவுக்கார இனங்களோடு குழப்பிக்கொள்ளாமல், டி.டி.எஸ்.1 என்ற மரபணுப் பகுதியை மட்டும் தேடுகிறது. டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தால், வளர்ப்பு தவறவிடும் இடங்களிலும் கிருமியைக் காட்டும். ஆனால் கருத்த, மக்கு நிறைந்த கொட்டகை மண்ணில் உள்ள ஹியூமிக் அமிலம் வினையையே முடக்கிவிடும். வினை முடங்காமல் நடந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத ‘இல்லை’யை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, நேரடியாக டி.என்.ஏ. எடுக்கும்போது பெரும்பாலும் அரை கிராம் மண்ணோ அதற்கும் குறைவோதான் குழாயில் போகும். ஒரு குழியில் இருக்கும், பக்கத்துக் குழியில் இருக்காது என்ற இந்தக் கிருமிக்கு அரை கிராம் எந்த மூலை? செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் ‘இருக்கிறது’ என்றே கை தூக்கும்.

ஆகவே சித்தப்பாவின் மண்ணுக்கு நான் வளர்ப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன். உயிருள்ள கிருமி கையில் கிடைத்தால், ஆட்டின் சீழில் இருந்ததும் இதுவும் ஒரே வம்சமா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையில் பணம் இருந்தால், அந்த இரண்டு நாள் திரவத்திலிருந்தே ஒரு சொட்டு எடுத்து பி.சி.ஆருக்கும் கொடுக்கலாம்.

கொட்டகைக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நீர் விஷயம் வேறு. எலிகள் நடமாடும் இடம், ஆடுகள் குடிக்கும் தண்ணீர். அங்கே என் கவலை எலிக்காய்ச்சல். 2010இல் பகாங் மாநிலத்தின் லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே மெலியாய்டோசிஸ் பரவியது, அந்தப் பரவலின்போது 8 பேர் இறந்தார்கள். சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்தே இருந்தது. ஒரே இடத்தில் இரண்டும் காத்திருக்க முடியும்.

எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவை நீரிலிருந்து வளர்ப்பது மனிதனைக் கிழவனாக்கும் வேலை. 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் மற்றவை குழாயை நிரப்பிவிடும். திருகாணிபோல் மெலிந்த இக்கிருமி 0.22 மைக்ரான் வடிகட்டியில்கூட நுழைந்து போய்விடும். கடைசியில் வளர்ந்து நிற்பது நீரிலேயே வாழும் சாதுவான லெப்டோஸ்பைராவாக இருக்கும். இருட்டுப்புல நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே நெளியும். நோய் தரும் வகைகளிடம் உள்ள லிப்எல்32 மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். இந்தக் குழப்பத்தை ஒரு நாளில் தீர்த்துவிடும். அது உயிரோடு இருந்ததா என்பதை மட்டும் சொல்லாது. ஆடு குடிக்கும் நீரில் அந்த நுணுக்கத்துக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ‘இருக்கிறது’ என்று வந்தால் அன்றே குழாய்த் தண்ணீருக்கு மாற வேண்டியதுதான்.

பட்டையில் கோடு காட்டும் விரைவுச் சோதனையைப் பற்றியும் சித்தப்பா கேட்டார். மெலியாய்டோசிஸுக்கான அது, வளர்ந்த கிருமியை உறுதி செய்யத்தான் எங்களுக்கு உதவுகிறது. மண்ணைக் கரைத்து அதில் ஊற்றினால் பட்டைதான் வீண்.

அடுத்த வாரம் மழைக்குப் பிறகு மறுபடி தோண்டினார், இம்முறை கையுறையும் காலணியும் போட்டுக்கொண்டு. பொட்டலங்கள் பழைய சாக்கில், காரின் பின்னிருக்கைக்குக் கீழே நிழலில் வந்தன. கால்வாய் நீர் மட்டும் ஐஸ் பெட்டியில் வந்தது. பி.சி.ஆருக்குத்தானே என்று நானே அனுமதித்திருந்தேன்.