முன் கேம்பர் மைனஸ் 3: ஒரு ட்ராக் சீசன் ஓடிய பிறகு

ஹாட் ஹேட்ச் (வேகமான சின்ன ஹேட்ச்பேக் கார்) ஒன்றை ட்ராக்கில் இரண்டு நாள் விரட்டினாலே முன் டயரின் வெளி ஓரம் மொட்டையாகிவிடும். உள் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக இருக்கும் முன் சஸ்பென்ஷன்) குணம் அது. வளைவில் பாடி சாயும்போது சக்கரமும் வெளியே சாய்கிறது. ஸ்ட்ரட் அமுங்கும்போது கிடைக்கும் கொஞ்ச நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே சாயும் கோணம்) அதை ஈடுகட்டப் போதாது. கம்பெனி செட்டிங் பெரும்பாலும் மைனஸ் அரை டிகிரிக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும். ரோடு டயரில் மைனஸ் 2.5, செமி ஸ்லிக்கில் (ட்ராக்குக்கான ஒட்டும் டயர்) மைனஸ் 3 என்று தொடங்கலாம்.

செலவு குறைந்த வழி கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டு) இரண்டு போல்ட்டில் சேரும் கார்களுக்கு (ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போல) மட்டுமே இது ஆகும். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, ஃபியஸ்டா எஸ்டி போன்றவற்றில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்வதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்தப் போல்ட்டின் தண்டு ஒரிஜினலைவிட மெலிசு, இறுக்கமும் குறைவு. கெர்ப்பில் (ட்ராக்கின் ஓரக் கல்) ஒரு அடி பலமாக விழுந்தால் நழுவிவிடும். இடது மைனஸ் 2.2, வலது மைனஸ் 1.6 என்று நிற்கும், ஸ்டீரிங்கும் நேராக நிற்காது. இரண்டு உலோக முகங்களையும் பிரேக் கிளீனரில் துடைத்து, கிரீஸ் படாமல், ஹப்பின் மேல் பகுதியை உள்ளே அழுத்திப் பிடித்தபடியே டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்க வேண்டும். ஒரிஜினல் போல்ட்டின் டார்க் இதற்குப் பொருந்தாது; போல்ட்டோடு வரும் தாளில் இருக்கும் அளவுதான் கணக்கு. தலையில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் நழுவியதா என்று ஒரு பார்வையில் தெரியும். இன்னொன்று: டயரின் மேல் பகுதி ஸ்ட்ரட்டை நெருங்கி வரும். விரல்கூட நுழையாத இடைவெளி என்றால் 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) போடாமல் ஓட்டக் கூடாது.

ஸ்ட்ரட்டின் தலையை உள்ளே நகர்த்த மேலே மாட்டும் கேம்பர் பிளேட்டில் இந்தத் தொல்லை இல்லை, செட்டிங்கும் அசையாது. மைனஸ் 3 வேண்டுமென்றால் நேராக இதற்கே போவது நல்லது. இதன் விலை காதுக்குத்தான் தெரியும். ரப்பருக்குப் பதில் பேரிங் என்பதால் சின்னச் சின்னப் பள்ளம்கூட உள்ளே கேட்கும். தூசியும் தண்ணீரும் புகுந்தால் சில மாதங்களிலேயே மெதுவாகப் போகும்போது ‘டொக் டொக்’ என்று தட்டும். பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலை நட்டில் கை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டீரிங்கை ஆட்டச் சொன்னால் அந்த ஆட்டம் விரலில் படும். பேரிங்குக்கு மூடி போடுவது பெரிய வேலையில்லை; போடாதவர்கள்தான் அதிகம்.

பலர் கோட்டை விடுவது டோவில், அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே (டோ இன்) அல்லது வெளியே (டோ அவுட்) திரும்பி நிற்கும் அளவில். கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும். டை ராட் (ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் காரில் ஸ்ட்ரட்டின் தலையை உள்ளே தள்ளினால் டோ இன் கூடும். அதே கேம்பரைக் கீழ் ஆர்மை (சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கை) நீட்டி எடுத்தால் டோ அவுட் ஆகும். டை ராட் முன்னால் இருந்தால் இரண்டுமே தலைகீழ். ஆகவே ‘ட்ராக்குக்குப் போனதும் பிளேட்டை உள்ளே தள்ளிக்கொள்ளலாம்’ என்ற திட்டம் டை ராடையும் சேர்த்துத் திருப்பினால்தான் பலிக்கும். 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு முழுச் சுற்றுக்கு நகரும் தூரம்) மரையில் அறுகோணத்தின் ஒரு முகம் திருப்பினால் ராட் கால் மி.மீ. நகரும், 17 அங்குல ரிம்மின் விளிம்பில் அது ஏறக்குறைய 0.8 மி.மீ. டோ. எத்தனை முகம் என்று ஒருமுறை எண்ணி எழுதி வைத்தால் அடுத்த முறை பத்து நிமிட வேலை. இலக்கு பூஜ்யம், அல்லது மொத்தம் 1 முதல் 2 மி.மீ. டோ அவுட். அதற்கு மேல் போனால் உள் ஓரம் தேயும், பழி மட்டும் கேம்பர் மேல் விழும்.

அளப்பதற்கு டிஜிட்டல் ஆங்கிள் மீட்டரும் ஒரு நேர் கம்பியும் போதும். முதலில் தரையின் சாய்வில் பூஜ்யம் வைக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கியதும் அளந்தால் தப்பாகத்தான் காட்டும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகே அளக்கலாம்.

கேம்பர் போதுமா என்பதை டயரின் சூடு சொல்லும். கூல் டவுன் லேப் (மெதுவாக ஓட்டிக் குளிரவிடும் சுற்று) இல்லாமல் நேரே பிட்டுக்கு வந்து, ஊசி முனைத் தெர்மாமீட்டரால் மூன்று இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால் சரி. வெளி ஓரம் சூடாக இருந்தால் கேம்பர் இன்னும் வேண்டும். நடுப்பகுதி கொதித்தால் காற்று அதிகம். அதைச் சரிசெய்யாமல் கேம்பரைத் தொடுவது வீண்.

மைனஸ் 3.5-ஐத் தாண்டினால் நேர் பிரேக்கிங்கில் ஏபிஎஸ் சீக்கிரமே துடிக்கும், வளைவை விட்டு வெளியேறும்போது முன் சக்கரம் சுழலும். ரோட்டில் லாரித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங் இழுக்கும். தினசரி ஓட்டமும் உண்டென்றால் பாதி தேய்ந்ததும் டயரை ரிம்மில் திருப்பி மாட்டலாம். ‘அவுட்சைட்’ என்று அச்சடித்த டயருக்கு அந்த வழியும் இல்லை.