மினியேச்சர் பெயிண்டிங் ஹேண்டில் விளம்பரம் பார்த்தால் உஷார்

இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தை நம்பி, மினியேச்சர் பொம்மைகளைப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் அடிக்கும் ஹேண்டில் ஒன்றை 780 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் இருந்தது ரப்பர் வைத்த தாடை, கெட்டியான ஸ்பிரிங். வந்ததோ த்ரீடி பிரிண்டரில் அடித்த பிளாஸ்டிக். பிரிண்ட் கோடுகளைத் தேய்த்துக்கூட விடவில்லை. உள்ளே இருந்த ஸ்பிரிங், பேனாவைத் திறந்தால் வந்து விழுமே, அந்த ரகம்.

25 முதல் 40 மில்லிமீட்டர் பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) வரை பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள். 32 மில்லிமீட்டர் பேஸை மாட்டி, பொம்மையின் கவசத்துக்கு வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த பெயிண்ட்) கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாடை வழுக்கிவிட்டது. ரெசின் பொம்மை என்பதால் விழுந்த வேகத்தில் ஈட்டி இரண்டு துண்டு. ஈரமான வாஷ் பொம்மையின் முகத்திலும் இழுத்துவிட்டது.

விற்றவரிடம் கேட்டால், "ஆர்டர் எடுத்துச் செஞ்சது சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார். அப்புறம் பிளாக் செய்துவிட்டார். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்றால், ஆன்லைனில் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தையும் பணம் அனுப்பியதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. விளம்பரம் இப்போது அங்கே இல்லை.

இத்தனைக்கும் வீட்டில் கிடக்கும் காலி மாத்திரை டப்பா போதும். கைக்கு அடங்குகிற அளவில், திருகு மூடி உள்ளதாக எடுங்கள். பாதிவரை மணல் போட்டால் கவிழாது. மூடிமேல் ப்ளூ டேக்கை (பிசைந்து ஒட்டி, திரும்ப எடுக்கக்கூடிய பசை) நன்றாகப் பிசைந்து, மூன்று சிறு உருண்டைகளாக வைத்து, பேஸை அழுத்தித் திருப்புங்கள். மொத்தமாக அப்பினால் எடுக்கும்போது கணுக்கால் உடையும். வெயில் காலத்தில் ப்ளூ டேக் இளகும்; அப்போது இரட்டைப் பக்க ஃபோம் டேப் நல்லது. ஒரே மாதிரி டப்பாக்கள் இருந்தால் இன்னும் வசதி. ஒரு மூடியில் உள்ள பொம்மை காயட்டும் என்று கழற்றி வைத்துவிட்டு, அடுத்த மூடியைத் திருகிக்கொள்ளலாம். எந்தக் கடை ஹேண்டிலும் இதைவிட எனக்குத் தோதாக இல்லை.

அதே படம் இப்போது வேறு பெயரில் 899 ரூபாய்க்கு ஓடுகிறது. கறுப்புக் கையுறை போட்ட கை, பின்னால் பச்சை கட்டிங் மேட். கண்ணில் பட்டால் பணம் அனுப்பிவிடாதீர்கள்.