வார்த்த மணியா, தட்டிய மணியா?

ஆல்ப்ஸ் மலை மாட்டுமணிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொள்வார். வெண்கலத்தை உருக்கி வார்த்தது ஒரு வகை. இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டி, இரண்டு பாதிகளாக இணைத்தது இன்னொரு வகை. ஜெர்மன் பேசும் சுவிஸ் பகுதிகளில் முதலாவதைக் குளோக்கே என்றும் இரண்டாவதை ட்ரைஹெல் என்றும் சொல்கிறார்கள்.

வார்த்த மணியின் பலம் அதன் நாதம். கணீரென்று எழுந்து நெடுநேரம் நிற்கும். பிரான்சின் ஷமோனியில் 1829 முதல் மணி வார்த்துவரும் தெவுவாசு குடும்பத்தாரைப் போல, பல பட்டறைகள் மணியின் உடலிலேயே தங்கள் பெயரைப் பதித்திருப்பதால் பூர்வீகம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் வெண்கலம் வயதை எளிதில் காட்டாது; துடைத்துவிட்டால் நேற்று வார்த்ததுபோல மின்னும்.

தட்டிய மணி அப்படி ஏமாற்றாது. வயிறு புடைத்து வாய் குறுகிய உடலில் சுத்தியலின் பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். உள்ளே விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள்: நாக்கு மோதி மோதித் தேய்ந்த குழி இருந்தால் அது மாட்டின் கழுத்தில் உழைத்த மணி. ஓசை கரகரப்புதான், எனக்கு அது பிடிக்கும்.

அளவில் மயங்காதீர்கள். பெரிய மணிகள் பெரும்பாலும் மந்தை மலையேறும் நாளிலும் இறங்கும் நாளிலும் ஊர்வலத்துக்குக் கட்டுபவை. 2014இல் சூரிச் ஆய்வாளர்கள் ஐந்தரை கிலோ மணி கட்டிய மாடுகள் குறைவாகவே மேய்கின்றன என்று கண்டறிந்தார்கள். மாட்டுக்கும் அது சுமைதான்.

உண்மையில் விலையைத் தீர்மானிக்க வேண்டியது மணியை மாட்டின் கழுத்தில் கட்டும் தோல்வார் என்பது என் கட்சி. பழைய வாரில் பக்கிள் முள் நுழையும் ஒரே ஒரு துளை மட்டும் நீண்டு விரிந்திருக்கும், உட்புறம் வியர்வையால் கறுத்திருக்கும். பூ வேலைப்பாடும் குஞ்சமும் பளபளக்க, எல்லாத் துளைகளும் வட்டமாகவே இருந்தால், மணி பழையதாக இருந்தாலும் வார் புதிதாகக் கோத்தது. அப்படிப்பட்ட வெண்கல மணியையும், வெடிப்பு விழுந்த சொந்த வாருடன் துருப்பிடித்த ட்ரைஹெலையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் நான் துருவைத்தான் எடுப்பேன். வெடிப்பைக் கண்டு வாரை எண்ணெயில் ஊறவைத்துவிடாதீர்கள். தோல் தொளதொளத்து, தையல் பிரிந்துவிடும்.