நடுக்கடலில் தொற்று வந்தால் எந்தத் துறைமுகம் ஏற்கும்? சொகுசுக் கப்பல்கள் மீண்டு வந்த மூன்று வழிகள்

2019ஆம் ஆண்டு உலகெங்கும் 2 கோடியே 97 லட்சம் பேர் சொகுசுக் கப்பல்களில் பயணம் செய்தார்கள். கொரோனா வந்த பிறகு, 2021இல் அந்த எண்ணிக்கை 48 லட்சம். 2023இல் 3 கோடியே 17 லட்சம். எண்களை மட்டும் பார்த்தால் விழுந்தார்கள், எழுந்தார்கள், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் எழுந்த விதம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. இத்தாலி ஒரு வழியில் போனது, சிங்கப்பூர் வேறு வழியில், அமெரிக்கா இன்னொரு வழியில்.

இவற்றை எதை வைத்து அளப்பது? தொற்றுக் கணக்கை வைத்தோ கம்பெனிகளின் வருமானத்தை வைத்தோ அளக்கலாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. நடுக்கடலில் ஒருவருக்குத் தொற்று வந்தால், அவரை ஏற்றுக்கொள்ள ஒரு துறைமுகம் முன்கூட்டியே சம்மதித்திருந்ததா? 2020இன் முதல் சில மாதங்களில் நடந்த கொடுமைகளில் பெரும்பாலானவை இதற்குப் பதில் இல்லாததால் நடந்தவை.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். பயணிகளைக் கேபினுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஊழியர்களுக்கு அந்த வசதி கிடையாது. சமைத்தார்கள், சாப்பாட்டுத் தட்டுகளைக் கதவு கதவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பிறகு கீழ்த்தளத்தில் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டு தூங்கினார்கள். மொத்தம் 712 பேருக்குத் தொற்று. அந்த ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அதே பிப்ரவரியில் வெஸ்டர்டாம் கப்பலை ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து என எல்லோரும் திருப்பி அனுப்ப, கடைசியில் கம்போடியாவின் சிஹானுக்வில் துறைமுகம் இடம் கொடுத்தது. சாண்டாம் கப்பலைத் தென் அமெரிக்கத் துறைமுகங்கள் ஏற்க மறுத்தன. அது ஏப்ரல் 2ஆம் தேதி ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலை அடைவதற்குள் நான்கு பேர் இறந்துபோனார்கள். சிட்னியில் ரூபி பிரின்சஸ் கதை தலைகீழ். மார்ச் 19 அன்று துறைமுகம் கப்பலை ஏற்றது. ஆனால் பரிசோதனை முடிவுகள் வருவதற்கு முன்பே சுமார் 2,700 பயணிகளை ஊருக்குள் விட்டுவிட்டது. அதன் தொடர்ச்சியாக 28 பேர் உயிரிழந்தார்கள். ஆக, கதவைச் சாத்தினாலும் ஆபத்து, யோசிக்காமல் திறந்தாலும் ஆபத்து என்ற நிலை.

இத்தாலி: ஒரே கடற்கரை, ஒரே கூட்டம்

2020 ஆகஸ்ட் 16 அன்று எம்எஸ்சி கம்பெனியின் கிராண்டியோசா கப்பல் ஜெனோவாவிலிருந்து ஏழு இரவுப் பயணம் புறப்பட்டது. அப்போது தடுப்பூசி கிடையாது. பெரிய கப்பல் எதுவும் அதற்கு முன் மத்தியதரைக் கடலில் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கவில்லை. இருந்த ஆயுதங்கள் பரிசோதனை, முகக்கவசம், இடைவெளி, ஒழுங்கு, இவ்வளவுதான்.

ஏறும் இடத்திலேயே எல்லோருக்கும் ஆன்டிஜென் பரிசோதனை. சந்தேகம் இருந்தால் அடுத்து பிசிஆர். கப்பலை முழுதாக நிரப்பவில்லை. தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே இல்லை. யார் யாரோடு பழகினார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்கக் கைப்பட்டை. கரையில் இறங்க வேண்டுமென்றால் கம்பெனியே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் கூட்டமாக மட்டும் போகலாம், கூட்டமாகவே திரும்ப வேண்டும். முதல் பயணத்திலேயே ஒரு குடும்பம் நேப்பிள்ஸ் பக்கம் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து போனது. திரும்பி வந்தபோது அவர்களைக் கப்பலில் ஏற்றவில்லை.

அந்த முடிவைச் சிலர் கடுமையானது என்றார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. காசு கொடுத்து வந்த வாடிக்கையாளரை முதல் வாரத்திலேயே கரையில் விட்டுவிட்டுப் போக ஒரு கம்பெனிக்குத் துணிச்சல் வேண்டும். அந்த ஒரு செய்தி, விதிமுறைப் புத்தகம் முழுவதையும்விட மற்றப் பயணிகளுக்கு அதிகம் புரிய வைத்திருக்கும். கப்பல் ஓடிய பாதையையும் கவனியுங்கள்: ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, நடுவில் மால்டாவின் வலெட்டா. ஒன்றைத் தவிர எல்லாம் இத்தாலியத் துறைமுகங்கள். யாருக்காவது முடியாமல் போனால் எந்தச் சுகாதாரத் துறையோடு பேச வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடம் குறைவு.

அதே கோடையில் நார்வேயில் நடந்ததைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். ஹுர்டிக்ரூட்டன் கம்பெனியின் ரோல்ட் அமுண்ட்சென் சின்னக் கப்பல்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியர்களை முறையாகத் தனிமைப்படுத்தவில்லை. ஒரு பயணிக்குத் தொற்று என்று தெரிந்த பிறகும் மற்றவர்களுக்கு உடனே சொல்லவில்லை. ட்ரோம்சோவில் இறங்கியவர்கள் ஊர் ஊராகக் கலைந்துபோனார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பயணங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. நவம்பரில் கரீபியனில் சீட்ரீம் 1 கப்பலும் இதே போல மாட்டிக்கொண்டது. ஏறும் முன் பரிசோதனை இருந்தது, ஆனால் தொடக்கத்தில் முகக்கவசம் கட்டாயமில்லை. பரிசோதனை ஒன்றே போதும் என்ற நம்பிக்கை அந்த வாரத்தோடு முடிந்தது.

இத்தாலி வழியின் பலவீனம் பணம். நிரம்பாத கப்பலை ஓட்டிக்கொண்டே இருக்கக் கையில் நிறையப் பணம் வேண்டும். எம்எஸ்சி அபோன்டே குடும்பத்தின் சொத்து. அவர்களுடைய சரக்குக் கப்பல் தொழில் அந்த ஆண்டுகளில் நல்ல லாபம் பார்த்தது. அந்த மாதிரி முதுகெலும்பு இல்லாத கம்பெனிகள் ஐரோப்பாவில் விழுந்தன. ஸ்பெயினின் புல்மான்டூர் 2020 ஜூனிலும், பிரிட்டனின் குரூஸ் அண்ட் மேரிடைம் வாயேஜஸ் ஜூலையிலும் திவால் நடவடிக்கைக்குள் போயின.

சிங்கப்பூர்: எங்கும் போகாத பயணம்

சிங்கப்பூர் இன்னும் இறுக்கிப் பிடித்தது. 2020 நவம்பர் 6 முதல் கென்டிங் ஹாங்காங் கம்பெனியின் வேர்ல்ட் ட்ரீம், டிசம்பர் தொடக்கத்திலிருந்து ராயல் கரீபியனின் குவான்டம் ஆஃப் தி சீஸ். கப்பலில் பாதி அளவுதான் ஆட்கள். சிங்கப்பூர்வாசிகள் மட்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும், நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. ஒவ்வொருவர் கையிலும், யார் யாரோடு நெருங்கினார்கள் என்று பதிந்துவைக்கும் ட்ரேஸ்டுகெதர் கருவி.

டிசம்பர் 9ஆம் தேதி இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. குவான்டமில் 83 வயதுக்காரர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று மருத்துவ அறைக்குப் போனார். கப்பலிலேயே பிசிஆர் எடுத்தார்கள், தொற்று என்று வந்தது. விடிவதற்கு முன்பே எல்லோரும் கேபினிலேயே இருங்கள் என்று அறிவிப்பு. சாப்பாடு கதவுக்கு வெளியே வந்து இறங்கியது. கப்பல் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு காலையில் மரினா பே முனையத்தில் வந்து நின்றது. ஏறத்தாழ 1,700 பயணிகளும் 1,100க்கு மேற்பட்ட ஊழியர்களும் காத்திருந்தார்கள். தேசிய ஆய்வகம் அந்தப் பெரியவரின் பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் மறுபடி பரிசோதித்து, தொற்று இல்லை என்றது. அன்று மாலையே பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள்.

தவறான பரிசோதனை முடிவால் வந்த கலவரம்தானே என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. உண்மையாகவே தொற்றாக இருந்திருந்தாலும் நடக்க வேண்டியது இதேதான். எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. கப்பலில் இருந்த பயணிகள் அந்த ஊர்க்காரர்கள், ஆய்வகம் அந்த ஊரில், ஆஸ்பத்திரியும் அந்த ஊரில். யோகோஹாமாவில் வாரக்கணக்கில் இழுத்தது இங்கே ஒரே பகலில் முடிந்தது. என் கேள்வியை வைத்து அளந்தால் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம்.

ஆனால் இந்த வழி ஒரு தொழிலைக் காப்பாற்றப் போதவில்லை. ஒரு சிறிய நாட்டின் மக்களை மட்டும் வைத்து எத்தனை கப்பலை எத்தனை மாதம் ஓட்ட முடியும்? கென்டிங் ஹாங்காங் 2020 ஆகஸ்டிலேயே கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. ஜெர்மனியில் அது நடத்திய கப்பல் கட்டும் தளம் 2022 ஜனவரியில் திவாலானது. அடுத்த சில நாட்களில் கம்பெனியே கலைப்பு மனு போட்டது. மார்ச் தொடக்கத்தில் வேர்ல்ட் ட்ரீமின் கடைசிப் பயணமும் முடிந்தது. ஒழுங்காக ஓட்டிக் காட்டிய கப்பலின் முதலாளியே மூழ்கினார் என்பது வருத்தமான விஷயம். தவறு பாதுகாப்பு முறையில் இல்லை, தாங்க முடியாத கடனில் இருந்தது.

அமெரிக்கா: நீண்ட தடை, பிறகு ஊசி

அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2020 மார்ச் 14 அன்று தடை போட்டது. அப்புறம் அதை நீட்டிக்கொண்டே போய் அக்டோபர் இறுதியில் நிபந்தனையோடு அனுமதி என்று மாற்றியது. நிபந்தனைகள் நீளமானவை: கப்பலிலேயே ஆய்வகம், ஊழியர்களுக்குத் தொடர் பரிசோதனை, தன்னார்வலர்களை ஏற்றி ஒத்திகைப் பயணம். 2021 ஏப்ரல் இறுதியில் ஒரு குறுக்கு வழி திறந்தது. ஊழியர்களில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் தடுப்பூசி போட்டிருந்தால் ஒத்திகை வேண்டாம். ஜூன் 26 அன்று செலிப்ரிட்டி எட்ஜ் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து புறப்பட்டது. 15 மாதங்களுக்குப் பிறகு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து காசு கொடுத்த பயணிகளோடு கிளம்பிய முதல் பெரிய கப்பல் அது.

இதற்கு நடுவே ஃப்ளோரிடா மாநிலம் தடுப்பூசிச் சான்று கேட்கவே கூடாது என்று சட்டம் போட்டது, சிடிசி மீது வழக்கும் தொடர்ந்தது. ஜூலையில் சிடிசியின் விதிகள் ஃப்ளோரிடாவில் வெறும் பரிந்துரையாக இறங்கிவிட்டன. நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனியோ சான்று கேட்கும் உரிமைக்காக மாநிலத்தின் மீதே வழக்குப் போட்டு, ஆகஸ்டில் இடைக்காலத் தடை வாங்கியது. அலாஸ்காவில் வேறு சிக்கல். 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்ல நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். கனடா கதவைச் சாத்தியிருந்ததால் அலாஸ்கா பருவமே போய்விடும் நிலை. நாடாளுமன்றம் 2021 மே மாதம் தற்காலிக விலக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் கப்பல் போனது.

வெளிநாட்டுக் கொடியும் வெளிநாட்டுப் பதிவும்தான் இங்கே மூலச் சிக்கல். கார்னிவல் பனாமாவில் பதிவான கம்பெனி, ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். வரி மிச்சம். ஆனால் அமெரிக்க அரசின் கொரோனா நிவாரணம் வந்தபோது அது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. கார்னிவல் 2020 ஏப்ரலில் 11.5 சதவீத வட்டிக்கு 400 கோடி டாலர் கடன் வாங்கியது. அந்த ஆண்டு நஷ்டம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. அதன் ஃபேன்டசி, இன்ஸ்பிரேஷன், இமாஜினேஷன் கப்பல்கள் துருக்கியின் அலியாகா கடற்கரையில் உடைபடப் போயின.

தடுப்பூசி கப்பல்களை நிரப்பியது, கடும் நோயையும் குறைத்தது. அதில் சந்தேகமில்லை. துறைமுகக் கேள்வியை மட்டும் அது தீர்க்கவில்லை. 2021 டிசம்பரில் ஒமைக்ரான் என்ற உருமாறிய கொரோனா வந்ததும் கார்னிவல் ஃப்ரீடம் கப்பலைக் கரீபியன் தீவுகளான பொனேரும் அரூபாவும் உள்ளே விடவில்லை. டிசம்பர் 30 அன்று ஊசி போட்டவர்களும் கப்பலைத் தவிர்க்கும்படி சிடிசி சொன்னது.

அதனால் பணத்தை வைத்துப் பார்த்தால் அமெரிக்க வழி ஜெயித்தது, பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர். இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பிடித்தது இத்தாலி. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இத்தாலியைத்தான் சொல்வேன். தடுப்பூசி வருவதற்கு முன்பே, வேறு துறைமுகங்களையும் தொட்டுக்கொண்டு, பெரிய கப்பலை ஓட்ட முடியும் என்று காட்டியது அதுதான்.

ஊழியர்கள் விஷயத்தில் மட்டும் எனக்குப் பாராட்ட மனம் வரவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கடலோரத்தில் மட்டும் சுமார் 100 கப்பல்களில் ஏறக்குறைய 80,000 ஊழியர்கள் இருந்தார்கள். பயணிகள் வீடு சேர்ந்து மாதக்கணக்கான பிறகும் பலர் கடலிலேயே கிடந்தார்கள். பயணிகளை இறக்க யார் பொறுப்பு என்று பேசிய அளவுக்கு இவர்களை வீட்டுக்கு அனுப்ப யார் பொறுப்பு என்று அப்போது யாரும் பேசவில்லை.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. ராயல் கரீபியன் பணத்தட்டுப்பாட்டில் விற்ற எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்தான் கார்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸாக இந்தியாவுக்கு வந்தது. 2022 ஜனவரியில் அது மும்பையிலிருந்து சுமார் 2,000 பேரோடு கோவாவின் மர்மகோவாவுக்குப் போனபோது 66 பேருக்குத் தொற்று உறுதியானது. கடைசியில் பயணிகளோடு கப்பல் மும்பைக்கே திரும்பியது. அதே ஆண்டு ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னையிலிருந்து அந்தக் கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது.

சென்னை-இலங்கை வழிக்கு இத்தாலியின் ஏற்பாடு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் இங்கே இரண்டு நாடுகள், இரண்டு சுகாதாரத் துறைகள். சிங்கப்பூரைப் போல நிற்காமல் திரும்பினால் பயணத்துக்கே அர்த்தமில்லை. அன்றைய அமெரிக்க விதிமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதிதான் இந்த வழிக்குத் தேவை: கப்பல் தொடும் ஒவ்வொரு துறைமுகத்தோடும், அங்குள்ள சுகாதார அதிகாரிகளோடும், எத்தனை நோயாளிகளை ஏற்பார்கள், எங்கே தங்க வைப்பார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் போட வேண்டிய ஒப்பந்தம். அது கையெழுத்தான பிறகு டிக்கெட் விற்கட்டும்.