ஷியானில் ஒரே நாள்: எந்தப் பேரரசரின் சமாதிக்குப் போவது?

சீனாவின் ஷியான் நகரில் கையில் ஒரே நாள் இருந்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சுடுமண் படை பார்க்கத்தான் கிளம்புகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். ஆனால் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடும் தூரத்தில் இன்னும் இரண்டு சமாதிகள் உண்டு. மூன்றையும் பார்த்தபின் என் ஓட்டு மாறிவிட்டது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றிலும் பேரரசர் படுத்திருக்கும் அறை இன்றுவரை தோண்டப்படவில்லை. சுற்றி இருப்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 210இல் இறந்தவர். 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய விவசாயிகள் கையில்தான் அவருடைய சமாதிக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர்களின் படை முதலில் சிக்கியது. முதல் குழி மட்டும் 230 மீட்டர் நீளம். உள்ளே நுழைந்ததும் மூச்சு நின்றுவிடும், மறுக்கவில்லை. அடுத்த நிமிடமே முன்கம்பியைப் பிடிக்க முட்டிமோத வேண்டும். நான் நின்று பார்த்தது குழியின் பின்பகுதியில்தான். ஒட்டவைத்து முடியாத வீரர்கள் அங்கே பிளாஸ்டிக் தாள் சுற்றி, கட்டுப்போட்ட நோயாளிகள் மாதிரி நிற்கிறார்கள். கூட்டம் அங்கே வருவதில்லை. அதே டிக்கெட்டில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உண்மையான சமாதி மேட்டையும் பார்க்கலாம். பலர் இதைத் தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். மெட்ரோ ஒன்பதாம் தடத்தில் ஹுவாசிங்சி வரை போய் அங்கிருந்து பஸ் பிடிப்பதே உத்தமம். தெருவில் கூப்பிட்ட ஒரு வேன்காரரை நம்பி ஏறி, பொம்மை செய்யும் பட்டறையில் முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

என் ஓட்டு ஹான் யாங்லிங்குக்கு. கி.மு. 141இல் இறந்த ஹான் வம்சப் பேரரசர் ஜிங்கின் சமாதி இது. நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். விமான நிலையத்துக்குப் பக்கம். அந்த நிலையத்துக்குச் சாலை போட்டபோதுதான் 1990இல் குழிகள் தெரியவந்தன. மேட்டைச் சுற்றி 81 குழிகள். அதில் பத்தின் மேல் நிலத்தடி அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடித் தரைமீது நடக்க வேண்டும். காலுக்குக் கீழே பன்றிகள், ஆடுகள், நாய்கள் வரிசை வரிசையாக, எல்லாம் சுடுமண்ணில். மனிதப் பொம்மைகள் இரண்டடி உயரம்தான். உடம்பில் துணியில்லை, கையுமில்லை. மரக் கையும் பட்டு உடையும் மட்கிப்போய்விட்டன, தோளில் துளை மட்டும் மிச்சம். துணி போனதால் ஒரு விஷயம் வெளிப்பட்டுவிட்டது: அண்ணகர்களைக்கூட (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்கள்) உடற்கூறு பிசகாமல் தனியாகச் செய்திருக்கிறார்கள்!

சின் ஷி ஹுவாங் படையைக் கூட்டிக்கொண்டு போனார். இவர் சமையற்கட்டையும் தொழுவத்தையும் கொண்டுபோயிருக்கிறார். இங்கே கிடைத்த மட்கிய இலைகள் தேயிலைதான் என்று 2016இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். மனுஷன் டீயைக்கூட விடவில்லை. நான் போன அன்று ஒரு கூடத்தில் என்னைத் தவிர நான்கு பேர்தான்.

மூன்றாவது சியென்லிங், வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர். மண்மேடு எழுப்பாமல் மலையையே சமாதியாக்கிவிட்டார்கள். உள்ளே டாங் வம்சப் பேரரசர் காவ்சோங், அவரோடு 706இல் அடக்கமான மனைவி வு ஸெடியான். சீன வரலாற்றில் பேரரசர் பட்டத்தைத் தானே சூடி ஆண்ட ஒரே பெண் அவர். இறக்கை முளைத்த குதிரைகள் காவல் நிற்கும் நீண்ட பாதையில் ஏறிப்போனால், தலையில்லாத 61 வெளிநாட்டுத் தூதர் சிலைகளும் ஒரு எழுத்துக்கூடப் பொறிக்காமல் விட்ட வு ஸெடியானின் நினைவுக்கல்லும் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, ஆளாளுக்கு அதில் எழுதிவைத்துவிட்டார்கள். 1134இல் கித்தான் என்ற வடக்கத்தி இனத்தாரின் எழுத்தில் செதுக்கியதும் உண்டு. வெயில் காலத்தில் நிழல் கிடையாது, முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். ஆனால் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய பேத்தி இளவரசி யோங்தாயின் சமாதிச் சரிவில் இறங்கி, சுவரோவியப் பெண்களைப் பார்க்கும்போது வந்த களைப்பு போய்விடும்.

குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்கள் படைக்கே போங்கள், யாங்லிங்கைக் காட்டினால் "அந்தப் பெரிய பொம்மை எங்கே?" என்று நச்சரிப்பார்கள். சியென்லிங்குக்கு ஒரு முழு நாளும் வாடகைக் காரும் வேண்டும். மாலை விமானம் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம்: பெட்டியோடு யாங்லிங் போய், அப்படியே விமான நிலையத்துக்கு டாக்சி பிடியுங்கள்.