அப்பாவோட மூக்கு கேன்சருக்கு கரண்ட் (ரேடியேஷன்) வச்ச மதுரை ஆஸ்பத்திரி, எங்க அனுபவம்

அப்பா பாம்பன்ல ஓடாவி, வள்ளம் கட்டியே 35 வருசம் மரத்தூளுக்குள்ள இருந்த மனுசன். போன வருசம் வலது மூக்கு மட்டும் அடைப்பு, சிந்துனா ரத்தம். ஊர்ப்பக்கம் ஒரு டாக்டர் சைனஸ்னு 4 மாசம் மாத்திரை குடுத்தே ஓட்டிட்டாரு, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. ஒரு பக்கம் மட்டும் அடைச்சு ரத்தம் வந்தா காத்திருக்காதீங்க, உடனே எண்டோஸ்கோப்பி பாருங்க. மரத்தூளாலயும் இந்த கேன்சர் வரும்னு மதுரை போயித்தான் எங்களுக்கே தெரியும்.

ஆபரேஷன் முடிஞ்சு 5வது வாரம் கரண்ட் ஆரம்பிச்சாங்க. தெனம் 2 கிரே (கதிர்வீச்சு அளவு), 30 தடவை, மொத்தம் 60, சனி ஞாயிறு லீவு. மொதல்ல முகத்துக்கு மாஸ்க் செஞ்சாங்க, வெள்ளை பிளாஸ்டிக் வலை, சுடுதண்ணில போட்டதும் தொவண்டுருது, அத அப்புடியே மூஞ்சில இழுத்து அமுக்கி ஆறவிட்டா மூக்கு தாடை எல்லாம் அச்சா வந்துருது. அத மாட்டி மேசையோட பூட்டுனதும் அப்பாவுக்கு மூச்சு முட்டுற மாதிரி பயம். அங்க இருந்த தம்பி "ஐயா, கேமராவுல பாத்துக்கிட்டே இருக்கோம், கைய தூக்குங்க நிறுத்திருவோம்"னு தெனமும் சொன்னாரு, ஒரு நாள் கூட சலிச்சுக்கல. இந்த ஆஸ்பத்திரிய நான் சொல்றதுக்கு அந்த தம்பிதான் மொத காரணம். கண்ணு நரம்பு பக்கத்துலயே இருக்குறதால ஐஎம்ஆர்டிங்குற, கட்டி இருந்த எடத்துக்கு ஏத்த மாதிரி கதிர கூட்டிக் கொறைச்சு வைக்கிற முறையில கண்ணுக்கு முடிஞ்சவரை கம்மியா படுற மாதிரி பிளான் போட்டதா டாக்டரம்மா ஸ்கேன் படத்த வச்சே வெளக்குனாங்க.

கரண்ட் வைக்கிறப்ப வலி கிடையாது. 3வது வாரத்துல இருந்துதான் கஷ்டம், மூக்குக்குள்ள புண்ணு, பொருக்கு, கன்னம் கறுத்துருச்சு, கஞ்சிதான் எறங்குச்சு. உப்புத்தண்ணி வச்சு மூக்க கழுவணும்னு ரொம்ப லேட்டாத்தான் சொன்னாங்க, இது பெரிய கொறை. சொத்தைப் பல்லு இருந்தா கரண்டுக்கு முன்னாடியே புடுங்கிரணும், அதயும் நாங்களா கேட்டுத்தான் தெரிஞ்சுச்சு. இன்னும் வாசம் சரியா தெரியல, முத்தத்துல நெத்திலி காஞ்சுக்கிட்டு இருக்கு, பக்கத்துல உக்காந்துக்கிட்டு "கருவாடு எங்க"ங்குறாரு.

இனிமே எப்புடி இருக்கும்னு கேட்டதுக்கு, சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லா கேக்குற வியாதிதான், திரும்பி வந்தா பெரும்பாலும் மொத 2, 3 வருசத்துக்குள்ளதான் வரும், அதனால செக்கப்ப விட்றாதீங்கன்னாங்க. இப்ப 8 மாசம் ஆச்சு, ஸ்கேன் சுத்தமா இருக்கு.

தெனம் ராமநாதபுரம் வழியா போயிட்டு வர ஒடம்பு தாங்காது, மதுரையிலயே ரூம் எடுத்துருங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய மொத நாளே காட்டிருங்க.